பசி என்று சொன்ன முள்ளம்பன்றி

நெல்லிப்பள்ளம் காட்டில் சிலும்பி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு ஒரே குட்டி. பெயர் ஈர்க்கு.

ஒரு நாள் காலையில் ஈர்க்கு வளைக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தது. ஓணான் ஒன்று வந்து வம்புக்கு இழுத்தது. ஈர்க்கு கோபத்தோடு முதுகைச் சிலிர்த்தது. ஆறு மாதம் ஆன முள்ளம்பன்றிக் குட்டி சிலிர்த்தால் முட்கள் சலசலவென்று சத்தம் போட வேண்டும். ஒரு சத்தமும் வரவில்லை. ஈர்க்கின் முட்கள் நனைந்த வைக்கோல் மாதிரி சாய்ந்தன. நாலைந்து உதிர்ந்தும் விழுந்தன.

ஓணான் சிரித்துக்கொண்டே போய்விட்டது. சிலும்பிக்குச் சிரிப்பு வரவில்லை. உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தது. முள் மெத்தென்று மடங்கியது.

"இன்னைக்குச் சாப்பிட்டியா?" என்று கேட்டது.

"சாப்பிட்டேம்மா. வயிறு முட்டச் சாப்பிட்டேன்!"

"என்ன சாப்பிட்ட?"

"உமி."

சிலும்பி குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. கால்கள் குச்சி மாதிரி இருந்தன.

அந்தக் காட்டில் இரண்டு வருடமாக மழை இல்லை. அதற்கு முன்பு நன்றாக விளைந்த காலத்தில், ராஜாவான கருமுடிக் கரடி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. எல்லா மிருகங்களும் தாங்கள் சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கைக் குகையில் கொண்டுவந்து போட வேண்டும். கெட்ட காலத்தில் அது எல்லோருக்கும் உதவும். நல்ல ஏற்பாடுதான். எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். இலுப்பைப் பருப்பு, மூங்கில் அரிசி, காய்ந்த நெல்லி, கிழங்கு வற்றல் என்று குகை நிறைந்தது.

கெட்ட காலமும் வந்தது. ஆனால் குகை வாசலை அடைத்த கல் நகரவில்லை. ஆளுக்கு ஒரு தொன்னை மூங்கில் உமி மட்டும் தினமும் வந்தது. உமியைத் தின்று தண்ணீரைக் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். பசி அடங்கின மாதிரி இருக்கும். ஆனால் உடம்பில் ஒன்றும் ஒட்டாது.

அன்று மத்தியானம் சருகுமான் சருகி மெல்ல நடந்து வந்தது. அது சினையாக இருந்தது. இரண்டடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"அக்கா, போன தடவை பிறந்த குட்டி எழுந்து நிக்கவே இல்லை. மூணு நாள் படுத்தே கிடந்து போயிடுச்சு. இதுவும் அப்படித்தான் ஆகுமோன்னு பயமா இருக்கு" என்றது.

"நாளைக்கு ராஜா சபை கூடுது. நீயும் வா. குட்டி வச்சிருக்கிற எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா!" என்றது சிலும்பி.

மறுநாள் புங்கமரத்தடியில் சபை கூடியது. கருமுடிக் கரடி பாறைமேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மந்திரி நயவன் நின்றது. நயவன் ஒரு நரி. அது எப்போதும் இலக்கணமாகத்தான் பேசும்.

"நமது காட்டில் வெறும் வயிறு ஒன்றேனும் உண்டா? இல்லை! இவ்வறட்சியிலும் அனைவர் வயிறும் நிறைந்துள்ளது. வாழ்க மன்னர்!" என்றது நயவன்.

"வயித்தைப் பார்த்தது போதும் மந்திரி. குட்டிங்களைக் கொஞ்சம் பாருங்க!" என்று சிலும்பி முன்னால் வந்தது.

குட்டிகள் ஏறி இறங்கி விளையாடுகிற ஏற்ற மரம் ஒன்று அங்கே கிடந்தது. உருண்டைப் பாறைமேல் குறுக்கே போட்ட நீளமான கட்டை அது. சிலும்பி ஒரு கல்லை உருட்டிவந்து அதன் ஒரு முனையில் வைத்தது.

"மழை பெய்த காலத்துல ஆறு மாசக் குட்டி ஒண்ணு இந்தப் பக்கம் ஏறினா, இந்தக் கல்லு மேல போகும். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு!" என்றன மிருகங்கள்.

ஈர்க்கு மறுமுனையில் ஏறியது. கல் அசையவில்லை. ஒரு முயல் குட்டியும் ஏறியது. கல் லேசாக ஆடியது, அவ்வளவுதான். ஒரு குரங்குக் குட்டியும் ஏறிய பிறகுதான் கல் மேலே போனது. ஒரு குட்டி தூக்கின கல்லைத் தூக்க மூன்று குட்டிகள் வேண்டியிருந்தன!

மிருகங்கள் கல்லையும் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தன.

நயவன் தொண்டையைச் செருமியது. "மன்னா, இதில் வியப்பேதுமில்லை. வறட்சியில் கற்கள் கனத்துவிட்டன!"

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கரடிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் காட்டுல யாராவது பட்டினியால செத்தாங்களா? ஒருத்தர் பேரைச் சொல்லு!" என்று உறுமியது.

"என் குட்டி" என்றது சருகி. "அதுக்கு நான் பேர் வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு, ராஜா."

கரடி சருகியைப் பார்க்கவில்லை. நரியைப் பார்த்தது. நரி உடனே ஓர் உத்தரவு போட்டது.

"இன்றுமுதல் 'பசி' எனும் சொல்லை எவரும் உச்சரிக்கலாகாது! அவசியமெனில் 'உணவு இடைவெளி' எனலாம். மீறுவோரின் பங்கு நிறுத்தப்படும்!"

மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இருப்பது ஒரு தொன்னை உமி. அதுவும் போய்விட்டால்? எல்லாம் தலையைக் குனிந்தன.

சிலும்பிக்கும் பயமாகத்தான் இருந்தது. அது தன் குட்டியைப் பார்த்தது. பிறகு நரியைப் பார்த்தது.

"பசி!" என்றது.

"என்ன சொன்னாய்?"

"காது கேக்கலையா மந்திரி? பசி! பசி! என் குட்டிக்குப் பசி!"

அன்றே அதன் பங்கு நின்றுபோனது.

மூன்று நாள் அது காய்ந்த வேரைக் கடித்து மென்று குட்டிக்கு ஊட்டியது. நான்காம் நாள் மத்தியானம் நயவன் வந்தது. கூடவே ஒரு கூடை இலுப்பைப் பருப்பும் வந்தது. பருப்பு எண்ணெய் மினுக்கோடு வாசம் வீசியது. ஈர்க்கு எழுந்து உட்கார்ந்தது. அதன் மூக்கு துடித்தது.

"சிலும்பி, மன்னர் இரக்கமுள்ளவர். நாளை சபையில் நீ வாய் திறந்து, அனைவர் வயிறும் நிறைந்துள்ளது எனும் உண்மை நிலையைக் கூறினால் போதும். தினமும் ஒரு கூடை. உனக்கு மட்டும்!" என்றது நரி.

சிலும்பி கூடையைப் பார்த்தது. இந்தப் பருப்பில் தான் கொடுத்த பங்கும் இருக்கிறது என்று நினைத்தது. ஆனால் குரலை மாற்றிக்கொண்டு சொன்னது:

"கூடையை வச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சபையில வாயைத் திறந்து உண்மை நிலையைச் சொல்றேன்."

நரி மகிழ்ச்சியோடு போனது.

சிலும்பி முதலில் ஈர்க்குக்கு ஒரு கை பருப்பு கொடுத்தது. பிறகு சருகியை அழைத்தது. பிறகு ஒவ்வொரு வளையாகப் போய்க் குட்டிகளையும் சினையாக இருந்தவர்களையும் கூப்பிட்டது. சாயங்காலத்துக்குள் கூடை காலி.

"அக்கா, இவ்வளவு பருப்பு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டது சருகி.

"நாளைக்குச் சொல்றேன். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்!"

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. நயவன் சிலும்பியை முன்னால் வரச் சொன்னது. "அஞ்சாமல் கூறு!" என்றது.

சிலும்பி வாயைத் திறந்தது.

"குகையில பருப்பு இருக்கு! நேத்து ஒரு கூடை என் வாயை அடைக்கிறதுக்கு வந்துச்சு. அதை உங்க குட்டிங்க தின்னுச்சு. எல்லாம் நாம கொடுத்த பருப்பு! ரெண்டு வருஷமா நமக்கு உமியைப் போட்டுட்டு உள்ளே பூட்டி வச்சிருக்காங்க. பருப்பும் இருக்கு, பசியும் இருக்கு. இதுதான் உண்மை நிலை!"

சபையில் ஒரே கூச்சல். கரடி எழுந்து நின்று மார்பில் அறைந்துகொண்டது.

"பிடிக்காதவங்க போகலாம்! முட்புதர்ப் பக்கம் போய் முள்ளைத் தின்னுங்க! யாருக்கும் இனி உமிகூடக் கிடையாது!"

"போறோம்!" என்றது சிலும்பி. குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு நடந்தது. சருகி பின்னால் நடந்தது. முயல்கள் நடந்தன. அணில்கள் நடந்தன. குரங்குகள் கொஞ்சம் யோசித்துவிட்டு நடந்தன. கடைசியில் உழுவன் என்ற காட்டுப்பன்றியும் முனகிக்கொண்டே எழுந்து வந்தது.

காட்டின் மேற்கே முட்புதர் மண்டிய மேடு ஒன்று இருந்தது. அங்கே போனால் முள் குத்தும், பாம்பு கடிக்கும் என்று சொல்லி யாரும் போகமாட்டார்கள். முள்ளுக்குப் பயப்படச் சிலும்பிக்கு என்ன இருக்கிறது? அது புதருக்குள் புகுந்து மண்ணை மோந்து பார்த்தது. ஒரு காய்ந்த கொடியின் அடியில் தோண்டத் தொடங்கியது. முழங்கை ஆழம் தோண்டியது. நகம் உடைந்தது. இன்னும் தோண்டியது. கடைசியில் வெள்ளை வெளேரென்று ஒரு நூறைக்கிழங்கு வெளியே வந்தது!

எல்லோரும் பாய்ந்து வந்தார்கள்.

"நில்லுங்க! கிழங்கோட தலையை யாரும் தின்னக் கூடாது. கொடி முளைக்கிற இடம் அதுதான். அதை மறுபடியும் குழியில போட்டு மண்ணை மூடணும்" என்றது சிலும்பி.

"இன்னைக்கே சாகுறோம், அடுத்த வருஷத்தை யார் பார்க்கிறது?" என்றது ஒரு குரங்கு.

"உன் குட்டி பார்க்கும்!" என்றது சிலும்பி. குரங்கு வாயை மூடிக்கொண்டு மண்ணை மூடியது.

பத்து நாள் கிழங்கு தின்றதில் குட்டிகளுக்குத் தெம்பு வந்தது. ஆனால் ஈர்க்கின் வாயோரம் வெடித்துப் புண்ணாகவே இருந்தது. சிலும்பிக்குக் கவலை பிடித்தது.

"கிழங்கு மட்டும் போதாது போலிருக்கே. உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க!" என்று கேட்டது.

முயலுக்குப் பாறை இடுக்கில் ஊற்றுக் கசிவும் அதன் ஓரம் முளைத்த பொன்னாங்கண்ணிக் கீரையும் தெரிந்திருந்தது. அணிலுக்கு நெல்லி மரத்தின் உச்சிக்கிளைகள் தெரிந்திருந்தன. உழுவனுக்குப் புற்று எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. கறையானும் புழுவும் தின்பவர்களுக்கு அது ஆயிற்று. குரங்குகள் தூரத்து அத்திமரத்துக்குப் போய்ப் பழம் பறித்துவந்தன. யாருக்கும் எல்லாமும் தெரியவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினார்கள். சிலும்பி ஒரு வரிசை வைத்தது. முதலில் சினையாக இருப்பவர்கள். அடுத்தது பால் கொடுப்பவர்கள். அடுத்தது குட்டிகள். மற்றவர்கள் அதற்குப் பிறகு.

உழுவனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் அது மூக்கால் மண்ணை எறிந்துகொண்டே கேட்டது:

"எல்லாரையும்விட அதிகமா உழுது போடறது நான். அதிகமா வேர்வை சிந்தறது நான். நான் எதுக்குக் கடைசி?"

உழுவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சிலும்பி அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"உழுவா, ஒரு வேளை தாமதமானா உனக்கு என்ன ஆகும்?"

"கோபம் வரும்!"

"சருகி வயித்துல இருக்கிறதுக்கு ஒரு வேளை தாமதமானா, அதுக்குக் கால் வளராது. நீ நாளைக்குத் தின்னு ஈடுகட்டிக்கலாம். அதால முடியாது. ஆனா ஒண்ணு. உழுறவன் வெறும் வயித்தோட உழக் கூடாது. நாளையிலேருந்து காலையில உனக்கு ரெண்டு கிழங்கு. அப்புறம் வேலை. சரிதானா?"

உழுவன் காதை ஆட்டியது. "ரெண்டும் பெருசா இருக்கணும்!" என்றது. பிறகு போய் உழுதது.

ஒரு மாதம் கழித்துச் சருகி குட்டி போட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஈரக் குட்டி முன்காலை ஊன்றியது. சரிந்தது. மறுபடியும் ஊன்றியது. நின்றது! உழுவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் கண் கலங்கியிருந்தது.

இந்தச் செய்தி கருமுடிக் கரடியின் காதுக்கு எட்டியது. முட்புதரில் சாப்பாடு கிடைக்கிறது! குகைப் பக்கம் மீதி இருந்தவர்களும் ஒவ்வொருவராக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். கரடிக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் நரியோடு மேட்டுக்கு வந்து நின்றது.

"இதுவும் என் காடுதான்! தோண்டினதுல மூணுல ஒரு பங்கு குகைக்கு வந்தாகணும். இப்பவே!"

"ஆணையை நிறைவேற்றுங்கள்!" என்றது நயவன்.

சிலும்பி கிழங்குக் குவியலுக்கு முன்னால் போய் நின்றது. கரடியின் ஒரு அறைக்கு அது தாங்காது. அது சிலும்பிக்கே தெரியும். ஆனாலும் முட்களை ஒவ்வொன்றாக விரித்தது.

"முன்னே கொடுத்த பங்கு எங்கே போச்சுன்னு முதல்ல சொல்லு ராஜா. அப்புறம் அடுத்த பங்கைக் கேளு!"

"என்னையே எதிர்த்து நிக்கிறியா?" என்று கரடி கையை ஓங்கியது.

"நிக்கிறேன்!"

"நானும் நிக்கிறேன்" என்றது உழுவன். சிலும்பியின் பக்கத்தில் வந்து கோரைப்பல்லைக் காட்டியது. முயல்கள் வந்தன. அணில்கள் வந்தன. சருகி தன் குட்டியோடு வந்து நின்றது. ஒரு முயலை ஒதுக்கலாம். ஒரு மானை மிதிக்கலாம். மொத்தக் காட்டையும் என்ன செய்வது? கரடியின் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்தக் கையைக் கீழே போடு!"

கரடியின் மனைவி நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் மதுகை. பக்கத்தில் அதன் குட்டி. கொழுகொழுவென்று இருந்த அந்தக் குட்டி அம்மாவின் வாலடியிலேயே ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தது.

"ஒரு மாசமா வெயில் சாஞ்சா இவனுக்குக் கண்ணு தெரியலை. உன் குகையில பருப்பும் தேனும்தான் இருக்கு. வேற எதையும் இவன் பார்த்ததே இல்லை. ராஜா பிள்ளைக்கு உணவு இடைவெளி வராதுன்னு இந்த நரி என்கிட்டயே சொல்லுது!" என்றது மதுகை. பிறகு சிலும்பியிடம் திரும்பியது. "இங்கே கீரை இருக்குன்னு சொன்னாங்க. கேக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேக்கறேன்."

சிலும்பியின் மனசுக்குள் ஒரு கணம் கசப்பு பொங்கியது. சருகியின் பேர் வைக்காத குட்டிக்கு யார் கீரை கொடுத்தார்கள்? அனுபவிக்கட்டுமே என்று தோன்றியது. அதற்குள் சருகி பொன்னாங்கண்ணியைக் கவ்விக்கொண்டுபோய்க் கரடிக்குட்டியின் முன்னால் வைத்துவிட்டது.

"குட்டிங்களோட வரிசையில நிக்கட்டும் அக்கா" என்றது சருகி. "இது என்ன தப்பு செஞ்சுச்சு?"

சிலும்பி தலையாட்டியது. பிறகு கரடியைப் பார்த்துச் சொன்னது:

"உன் பிள்ளைக்குக் கீரையும் உண்டு, அத்திப்பழமும் உண்டு. கண் தெளியற வரைக்கும் தினமும் வரட்டும். அதுக்குப் பதிலா எதுவும் கேக்கலை. ஆனா குகைக் கல்லை நீயே புரட்டணும். அதை எங்க பங்காக் கேக்கறேன், பிச்சையாக் கேக்கலை!"

கரடி மனைவியைப் பார்த்தது. மதுகை முகத்தைத் திருப்பிக்கொண்டது. நரியைப் பார்த்தது. நயவன் எப்போதோ புதருக்குள் நழுவியிருந்தது. கரடி குகையை நோக்கி நடந்தது. மொத்தக் காடும் பின்னால் நடந்தது.

கல் புரண்டது. குப்பென்று பூஞ்சை நாற்றம் அடித்தது. பருப்பில் பாதி வண்டு துளைத்துப் பொடியாகிக் கிடந்தது. கிழங்கு வற்றல் கறுத்துப் போயிருந்தது. இரண்டு வருடம் குட்டிகள் உமி தின்ற காலத்தில், அவர்களுக்கான சாப்பாடு இருட்டில் கிடந்து வீணாகியிருந்தது. கரடி தலையைக் குனிந்துகொண்டது.

நல்லதைப் பொறுக்கி எடுத்தார்கள். முளைக்கக்கூடிய விதைகளை முதலில் ஒதுக்கி வைத்தார்கள். மீதியை வரிசைப்படி பங்கிட்டார்கள். கெட்ட காலத்துக்குச் சேர்ப்பதை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆனால் குகை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எல்லோரும் பார்க்கிற மாதிரி வெட்டவெளியில் ஒரு பந்தல் போட்டு அதில் சேர்த்தார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். கருமுடிக்கு மரக்கட்டை சுமக்கிற பலம் இருந்ததால் பந்தலுக்குக் கால் நடும் வேலை கொடுத்தார்கள். அது முறைத்துக்கொண்டேதான் செய்தது. சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நின்றுதான் வாங்கியது.

அந்த வருடமும் மழை சரியாகப் பெய்யவில்லை. ஆனால் நெல்லிப்பள்ளத்தில் அந்த வருடம் பிறந்த ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

இருப்பதைப் பூட்டி வைப்பவனிடம் பயப்படாமல் நம் பங்கைக் கேட்க வேண்டும். கிடைத்ததை வளரும் வயிற்றுக்கு முதலில் கொடுக்க வேண்டும்.